முகத்துக்குள் ஒரு தையல்

கேள்வி: முகச்சுருக்கம் போக்கும் அறுவை சிகிச்சை என்றால், தோலை இழுத்துத் தைப்பதுதானே? இதற்கு டாக்டர் எதற்கு, டெய்லர் போதாதா?

பதில்: வீட்டுப் பாரத்தைத் தூண் தாங்குமா, பூச்சு தாங்குமா? ஒரு காலத்தில் வெறும் தோலைத்தான் இழுத்துத் தைத்தார்கள், சீக்கிரமே தளர்ந்தது. தோலுக்கு அடியில் ‘ஸ்மாஸ்’ என்ற உறுதியான படலம் இருப்பதை 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரு மருத்துவர்கள் விவரித்தார்கள். இன்று இழுத்துக் கட்டுவது அதைத்தான். மேல்தோலை இழுவிசை இல்லாமல் மூடினாலே போதும்.

கேள்வி: தோலை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் இன்னும் இளமையாகத் தெரியாதா?

பதில்: காது காட்டிக்கொடுத்துவிடும்! மடல் கீழே இழுபடும், தழும்பு அகலமாகும். இழுவிசை இல்லாத தையல்தான் காதோர மடிப்பிலும் கூந்தலுக்குள்ளும் மறையும்.

கேள்வி: உள்ளே போட்ட தையலை எப்போது பிரிப்பார்கள்?

பதில்: கரையும் நூல் என்றால் பிரிக்கவே வேண்டாம். பாலிடயாக்சனோன் நூல் கரைய ஆறு மாதம் போல ஆகும். அதற்குள் திசுக்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். காதின் முன்புறத் தையலை மட்டும் ஒரு வாரத்துக்குள் எடுத்துவிடுவார்கள். தாமதித்தால் நூல் தடம் நிலைத்துவிடும்.

கேள்வி: ஆபரேஷனுக்கு முன் கடைசியாக ஒரு சிகரெட்?

பதில்: ரத்தம் வராத தோலை எந்தத் தையல் காப்பாற்றும்? நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். காதுக்குப் பின்புறத் தோல் செத்துக் கருகக்கூடும். பல வாரங்களுக்கு முன்பே நிறுத்துங்கள். புகைப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.