வகுத்தல் தெரியாத பிளக்ஸ்

(தேனி மாவட்டம் சின்னமனூர். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த நாள். பிளக்ஸ் கடைக்காரரும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும்.)

பிளக்ஸ்காரர்: எந்த அரசுப் பள்ளி நல்ல பள்ளின்னு கேட்டா நான் யோசிக்கவே மாட்டேன் சார். '100 சதவீதத் தேர்ச்சி'ன்னு யார் ஆர்டர் குடுக்குறாங்களோ, அதுதான் நல்ல பள்ளி. 98 வாங்கினவங்க கடைப் பக்கமே வர்றதில்ல. 2017-ல ராங்க் அறிவிக்கிறத அரசு நிறுத்தினதுல இருந்து நம்ம பொழப்பே சதவீதத்துலதான் ஓடுது.

வாத்தியார்: அப்படிப் பார்த்தா 2021-தான் கல்வியோட பொற்காலம் தம்பி. கொரோனாவால பத்தாவது பரீட்சையே நடக்கல, எல்லாரும் பாஸ். கூடலூர்ல இருந்து ஆண்டிபட்டி வரைக்கும் அத்தனை பள்ளியும் 100 சதவீதம்! சதவீதம்னா மேல ஒரு எண், கீழ ஒரு எண். கீழ இருக்கிறத யாரும் கேட்கிறதில்ல. 20 பேர் எழுதுற கிராமத்து உயர்நிலைப் பள்ளியில ஒரு பிள்ளை கணக்குல கோட்டை விட்டா 95. 200 பேர் எழுதுற டவுன் மேல்நிலைப் பள்ளியில நாலு பேர் போனாலும் 98. அதைவிட மோசம், பரீட்சைக்கே வராத பிள்ளை. அப்பா அம்மா விடியுமுன்ன ஜீப்புல கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறி இடுக்கி ஏலத் தோட்டத்துக்குப் போயிடுறாங்க. தம்பி தங்கச்சியப் பார்த்துக்க ஆள் வேணும்னு ஒன்பதாவது படிக்கிற மக நின்னுட்டா, அவ பாஸும் இல்ல, பெயிலும் இல்ல, கணக்கு சுத்தமாயிடுது. அவ வீட்டுக்கு அலையா அலைஞ்சு கூட்டிட்டு வந்து, பரீட்சை எழுத வச்ச பள்ளிதான் சதவீதத்துல அடி வாங்குது.

பிளக்ஸ்காரர்: பாடமே எடுக்காத வாத்தியாரும் இதைத்தான சார் சொல்வாரு? சரி, சில்வார்பட்டி அரசுப் பள்ளியில படிச்ச பையன் 2020 நீட்டுல 664 வாங்கினாரே, அதுவும் கணக்குல வராதா?

வாத்தியார்: வரும், ஆனா முழுசா எண்ணணும். முதல் தடவை எழுதி இடம் கிடைக்காம, ஒரு வருஷம் வெளிய பயிற்சி எடுத்து வாங்கின மார்க்கு அது. அவர் உழைப்பும் பெருமை, தூக்கிவிட்ட ஆசிரியர்களும் பெருமை. அந்த 664-ஐ வச்சுப் பக்கத்து ஊர்ப் பள்ளிய மட்டம் தட்டினா, நீங்க ஒப்பிடுறது பயிற்சிக்கு வழி கிடைச்சவங்களையும் கிடைக்காதவங்களையும். பாடம் எடுக்காதவர் பத்திச் சொன்னது மட்டும் நியாயம். எண்ணே வேண்டாம்னா அவருக்குத்தான் கொண்டாட்டம். அதனால எண்ண மாத்துங்கிறேன். ஆறாவதுல சேர்ந்தவங்கள்ல, டிசி வாங்கி வேற பள்ளிக்குப் போனவங்களக் கழிச்சு, எத்தனை பேர் பத்தாவது பரீட்சை எழுதினாங்க? அரசோட மாணவர் பதிவான எமிஸ்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் இருக்கு, தேடினா கிடைக்கும். அரசுப் பள்ளிகள்லயும் எல்லாம் ஒரே துறை இல்ல: கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஒரு துறை, ஆதிதிராவிடர் நலப் பள்ளி இன்னொரு துறை. எல்லாத்தையும் பள்ளிக் கல்வித் துறையில சேர்க்கப் போறதா 2023 பட்ஜெட்டுல அறிவிச்சாங்க, எதிர்ப்பும் வந்துச்சு. எந்தத் துறையா இருந்தாலும் இந்தக் கேள்வி பொது.

பிளக்ஸ்காரர்: அதுக்கு ஆர்டர் வராதே சார்!

வாத்தியார்: வராது. பள்ளி மேலாண்மைக் குழுவுல பெரும்பாலானவங்க பெற்றோர்தான். அடுத்த கூட்டத்துல தலைமையாசிரியர் சதவீதம் சொன்னா, கைதட்டுறதுக்கு முன்னால அவங்க கேட்கட்டும்: சேர்ந்தது எத்தனை, எழுதினது எத்தனை?