கே.ஏ. நம்பரும் பக் நம்பரும்

ஓசூரில் ஒருவரிடம் பூர்வீகம் கேட்பது மரியாதையில்லை. வண்டிக்குப் பின்னால் போய் நின்று நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ள வேண்டும். டி.என். 29 தருமபுரி, 24 கிருஷ்ணகிரி, 70 நம்மூர். ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி வழியாக எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள் கே.ஏ. 51-க்கு மாறியிருப்பார்கள். என்.ஓ.சி.யும் ஆயுள் வரியும் ஒரு மனிதனை என்ன பாடுபடுத்தும் என்று அவர்கள் முகமே சொல்லும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புது நம்பர் வாங்கவேண்டும் என்பது சட்டம். வண்டி அதேதான். கீறலும் அதேதான்.

எதிர்வீட்டுக்காரர் இந்த நம்பர் மாற்றும் வேலையை முடித்துக் கொடுக்கும் புரோக்கர். ஊரில் அவருக்குத் தெரியாத ஃபாரம் கிடையாது. அவரிடம்தான் விக்கிமீடியாக்காரர்கள் ஜாகை மாறிய கதையைச் சொன்னேன்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளில் கோளாறு, அதாவது பக், என்றால் 2004 ஆகஸ்டிலிருந்து பக்ஸில்லா என்ற இடத்தில் எழுதிப் போடுவார்கள். பத்து வருஷத்தில் 70,000-க்கும் மேல் சேர்ந்துவிட்டது. 2014 நவம்பரில் அத்தனையையும் மூட்டை கட்டி ஃபேப்ரிகேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

"எந்த ஃபேப்ரிகேட்டர்? சிப்காட் ரெண்டாவது ஃபேஸ்ல கிரில் கேட் அடிக்கிறாங்களே, அவங்களா?"

இல்லை, ஃபேஸ்புக்கில் பிறந்த மென்பொருள் என்றேன். அவருக்கு அதில் சுவாரசியம் இல்லை. "நம்பர் எப்படி மாத்தினாங்க?"

பழைய நம்பரோடு 2,000 கூட்டினார்கள். ஒன்றாம் நம்பர் பக் 2001 ஆயிற்று, 12345 என்பது 14345. பழைய முகவரியைத் தட்டினாலும் புது இடத்துக்கே கொண்டுபோய் விடும். இவ்வளவு நாகரிகமான மாற்றத்தை எந்த மாநில எல்லையிலும் நான் பார்த்ததில்லை.

பைதான் என்ற நிரல்மொழியை உருவாக்குகிறவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2022-இல் அவர்கள் தங்கள் பக்குகளோடு கிட்ஹப் தளத்துக்குப் போனபோது அங்கே வேறு வேலைகள் ஏற்கெனவே நம்பர் பிடித்து உட்கார்ந்திருந்தன. கூட்டவும் வழியில்லை, கழிக்கவும் வழியில்லை. அதனால் பழைய பக்குக்கு இன்றைக்கும் இரண்டு பிளேட்: புது இடத்துக்கு ஜிஎச் என்று ஒன்று, பழைய இடத்துக்கு பிபிஓ என்று ஒன்று. நம்மூரில் இப்படி ஓட்டினால் வண்டி ஸ்டேஷனில் நிற்கும்.

"ஓனர் பேரு?" என்றார் புரோக்கர். தொழில் புத்தி.

சரியான கேள்வி. விக்கிமீடியாவின் பக்ஸில்லாவில் மின்னஞ்சல்தான் ஆளின் அடையாளம். புது இடத்தில் அதே மின்னஞ்சலைக் காட்டி 'நான்தான்' என்று நிரூபிக்கும்வரை, ஒருவர் எழுதியதெல்லாம் 'பிஇசட்இம்போர்ட்' என்ற பொம்மைக் கணக்கின் பேரில்தான் கிடக்கும். வராமலே போனவர்களின் புகார்கள் இப்போதும் அப்படியே.

"பினாமி" என்று தலையாட்டினார். முதல்முறையாக மென்பொருள் உலகத்தின் மேல் அவருக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

இன்னொன்றும் சொன்னேன். 2021-இல் ஃபேப்ரிகேட்டரை உருவாக்கியவர்களே கையை விரித்துவிட்டார்கள். ஆர்வலர்கள் அதே நிரலை எடுத்து 'ஃபோர்ஜ்' என்ற பெயரில் நடத்துகிறார்கள்.

"ஃபோர்ஜிங்கும் சிப்காட்தானே சார்" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அது சரி, கோளாறெல்லாம் ரிப்பேர் ஆச்சா?"

நிறைய ஆயிற்று, பத்து வருஷம் தாண்டியும் திறந்தே கிடப்பவையும் உண்டு என்றேன்.

"அப்போ ஓடாத வண்டிக்கும் நம்பர் மாத்திக் குடுத்திருக்காங்க. ஒரு வண்டிக்கு எவ்ளோ சார் வாங்கினாங்க?"