நாலே நோயாளிகள்

அமெரிக்க நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வில் வருவதுபோல உத்தமமான ஆஸ்பத்திரி பூலோகத்தில் கிடையாது. நோயாளிகள் எப்போதும் நாலே பேர். முதலில் யாரைப் பார்ப்பது என்று நர்ஸம்மா யோசித்து முடிக்கும்வரை, மூச்சுத் திணறுகிறவர்கூடப் பொறுமையாகத் திணறுகிறார். பொட்டாசியம் 6.8 என்ற ரிப்போர்ட் கேட்காமலே கைக்கு வருகிறது. 'டாக்டர் எப்பம்மா வருவாரு?' என்று குடையும் மாமா யாரும் இல்லை. குறைந்தது 85 கேள்வி, மிஞ்சினால் 150. கம்ப்யூட்டருக்குத் திருப்தி என்றால் டியூட்டி முடிந்தது.

இந்தத் தேர்வுக்குச் சென்னையில் ஏன் தனியாகக் கோச்சிங் போகிறார்களோ! நம் தனியார் ஆஸ்பத்திரிகள் நைட் டியூட்டியில் நாற்பது கட்டிலுக்கு ஒரே நர்ஸைப் போட்டு, 'முதலில் யார்?' பயிற்சியை விடியவிடியக் கொடுக்கின்றன. இதற்கென்று தனிக் கட்டணம் கிடையாது. சம்பளத்திலேயே கழித்துக்கொள்கிறார்கள்.