பெத்தவங்களுக்குத் தெரியாதா?

"நாங்க பெத்த பொண்ணு. எப்பக் கட்டிக் கொடுக்கணும்னு எங்களுக்குத் தெரியாதா?"

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யாரோ தகவல் சொல்லி, பதினைந்து வயதுப் பெண்ணின் கல்யாண வீட்டில் சமூக நல அலுவலர் போய் நின்றால் முதலில் காதில் விழுவது இதுதான். அடுத்தது, "இது எங்க வழக்கம்."

மாப்பிள்ளைக்கு பைக் கேட்பது எந்தக் கொள்ளுத்தாத்தா காலத்து வழக்கம்? பத்திரிகையை வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது? எல்லாம் இந்தக் காலத்துக்கு வந்துவிட்டது. பெண்ணின் வயது மட்டும் பாட்டி காலத்திலேயே நிற்க வேண்டும்.

சரி, 18 முடியும்வரை கட்டிக் கொடுக்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஜீப் ஊர் எல்லையைத் தாண்டுகிறது. அடுத்த மாவட்டத்துக் கோயிலில் விடியற்காலை முகூர்த்தம்.

பெற்றோரை மட்டும் திட்டிவிட்டுப் போகலாம்தான். சட்டப் புத்தகம் விடமாட்டேன் என்கிறது. 1929-ல் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்றது. 1978-ல் அது 18 ஆனது. 2006-ல் புதுச் சட்டமே வந்தது. ஆனாலும் அதன்படி குழந்தைத் திருமணம் தானாகச் செல்லாமல் போய்விடாது. பொதுவாக, அந்தப் பெண்தான் நீதிமன்றம் போய் ரத்து கேட்க வேண்டும். மைனர் எப்படிப் போவாள்? காப்பாளரோ வேறு பெரியவரோ, குழந்தைத் திருமணத் தடுப்பு அதிகாரியோடு சேர்ந்து மனுப் போடலாமாம். காப்பாளர் யார்? 1956-ன் இந்து மைனர் காப்புரிமைச் சட்டத்தைப் புரட்டுங்கள். கல்யாணமான மைனர் பெண்ணுக்கு இயற்கைக் காப்பாளர், கணவன்!

பாலுக்குப் பூனை காவல் என்பது ஊரில் பழமொழி. இங்கே அது சட்டப் பிரிவு.

குழந்தையைக் கட்டியவனுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011-ல் சொல்லிவிட்டது. அந்த வரியை அடிக்க நாடாளுமன்றத்துக்கு நேரமில்லை. திருமண வயதை 21 ஆக்க 2021-ல் மசோதா கொண்டுவர மட்டும் நேரம் இருந்தது. 18-ஐயே காப்பாற்ற முடியாதவர்களுக்கு 21 மேல் ஆசை. அதுவும் 2024-ல் காலாவதி.

1992-ல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. குழந்தையைப் பாதிக்கும் விஷயத்தில் அதன் கருத்தைக் கேளுங்கள் என்கிறது அதன் 12-வது பிரிவு. கேட்காமல் என்ன, நம் வீடுகளில் கேட்கிறார்கள். முகூர்த்தப் புடவை சிவப்பா, பச்சையா என்று.

ரத்து கேட்க அவளுக்கு 18 முடிந்து இரண்டே ஆண்டு கெடு. அதற்குள் இடுப்பில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. கெடு தாண்டினால் அந்தத் திருமணம் செல்லும்.