மருதனார்மடத்து வியப்பியல்: ஒரு முதற்கட்ட ஆராய்ச்சி

1. ஆய்வுப் பிரச்சினை

பெரியோரை வியப்பதில்லை என்று புறநானூற்றின் 192ஆம் பாட்டிலே கணியன் பூங்குன்றனார் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அப்பாட்டின் முதலடியை மேடைதோறும் முழங்கும் நாம் கடைசி அடிகளை வசதியாக மறந்துவிட்டு, பாடியவரையே வியந்துகொண்டிருக்கிறோம். இம்முரணை ஆராய்வதே கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம்: யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வீதியில் மருதனார்மடச் சந்தியும் சுற்றாடலும்.

2. வகைப்பாடு

(அ) உயர வியப்பு: கழுத்தை நிமிர்த்தினால் போதும், வேறு முயற்சி வேண்டாம். உதாரணம், ஆஞ்சநேயர் கோயிலில் ஓங்கி நிற்கும் சிலை.

(ஆ) பெறுபேற்று வியப்பு: உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்த பிள்ளையைப் பற்றி, "ஆள் விண்ணன்" என்று ரியூசன் வாசலில் பேசப்படுவது. அடுத்த ஆண்டுப் பெறுபேறு வந்ததும் காலாவதியாகும்.

(இ) தூர வியப்பு: கனடா மாமாவின் மீது உண்டாவது. மாமா நேரில் வந்து மூன்று கிழமை தங்கினால் கணிசமாகக் குறைவது அவதானிக்கப்பட்டுள்ளது.

(ஈ) தாபகர் வியப்பு: பரிசளிப்பு விழாக்களில் மட்டும் பொங்குவது. இதுவே சிக்கலானது, தனியே ஆராயப்படுகிறது.

3. சிறப்பாய்வு: சேர். பொன். இராமநாதன்

1913இல் இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்காக மருதனார்மடத்தில் கல்லூரி நிறுவினார். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின் பின் சிங்களத் தலைவர்கள் சிறையில் கிடந்தபோது, முதலாம் உலகப் போரின் நடுவே கப்பலேறி இங்கிலாந்து போய் அவர்களுக்காக வாதாடினார். திரும்பி வந்தவரைச் சிங்கள மக்கள் வண்டியில் ஏற்றி, குதிரைகளுக்குப் பதிலாகத் தாங்களே இழுத்துச் சென்றார்கள். இவ்வளவும் விழா மலர்களில் வரும்.

மலர்களில் வராதது: அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, எல்லோருக்கும் வாக்குரிமை என்பதை அவர் கடுமையாக எதிர்த்தார், பெண்களுக்கு வாக்கு என்பதையும் எதிர்த்தார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியவரும் அவர்களுக்கு வாக்கு வேண்டாம் என்றவரும் ஒருவரே. ஆகவே தாபகர் வியப்பு ஓர் ஆளின் பாதியைத்தான் தாங்கும் என்பது நிறுவப்படுகிறது.

4. கத்தரிக்காய்ச் சோதனை

ஒப்பீட்டுக்காக மரக்கறிச் சந்தை அவதானிக்கப்பட்டது. கத்தரிக்காய் வாங்க வரும் அம்மா குவியலை அப்படியே அள்ளுவதில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, காம்பைத் திருப்பி, பக்கங்களை விரலால் அமர்த்தி, ஊசிமுனை அளவு துளை இருந்தாலும், "தம்பி, இது புழு" என்று திருப்பி வைக்கிறார். அதே அம்மா மாலையில் விழாவுக்குப் போய், மேடையில் புகழப்படுகிறவரை மொத்தமாக ஏற்றுக்கொண்டு கைதட்டிவிட்டு வருகிறார்.

காரணம் எளிது. கத்தரிக்காயைச் சமைத்துச் சாப்பிட வேண்டும். பெரியவரை வியந்தால் போதும். அவரைப்போல ஒரு கல்லூரி கட்டச் சொல்லியோ, நமக்கு ஆகாதவருக்காகக் கடல் கடந்து வாதாடச் சொல்லியோ யாரும் நம்மைக் கேட்பதில்லை. மாலை போடுவது பின்பற்றாமல் இருப்பதற்குச் செலவு குறைந்த வழி.

5. முடிபு

ஆளை வியப்பதை நிறுத்திச் செயலை வியக்கலாம். 1913இன் இராமநாதனுக்கும் 1915இன் இராமநாதனுக்கும் முழுப் புள்ளி; டொனமூர் முன் நின்ற இராமநாதனுக்குப் பூச்சியம். கூட்டிச் சராசரி எடுக்க வேண்டியதில்லை.

பூச்சியம் போடத் தயங்குவோருக்கு ஒரு தகவல். இராமநாதன் 1930 நவம்பரில் மறைந்தார். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தே விட்டது. யாழ்ப்பாணம் அவ்வாண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. 1934இல், பெண்களும் வாக்காளராக இருந்த காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனவர் சு. நடேசபிள்ளை. அவர் இராமநாதனின் மருமகன்.