முழங்கைச் சட்டம்

சித்திரை பிறந்ததும் எல்லாக் குடும்பத்திலும் ஒரு பெரியப்பா பதவிக்கு வந்துவிடுவார். மற்ற மாதங்களில் அவர் பேச்சை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மாம்பழக் காலத்தில் மட்டும் அவரைக் கேட்காமல் ஒரு பழத்தில் கத்தி படாது.

முதல் உத்தரவு, ஊறப்போடுவது. வாளித் தண்ணீரில் பழம் மூழ்கிக் கிடந்தாக வேண்டும். “சூடு இறங்கட்டும்டா” என்பார். சூட்டின் கதை எப்படியோ, காம்பில் கசியும் பால் உதட்டில் பட்டால் வாயோரம் புண்ணாவது நிஜம். மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் இருக்கிற காரம் மாம்பாலிலும் உண்டு. ஆகவே இந்த உத்தரவை எதிர்த்து யாரும் வாய் திறப்பதில்லை.

இரண்டாவது, இடம். கூடத்தில் கூடாது, பாயில் கூடவே கூடாது. கிணற்றடி உத்தமம், அது இல்லாத வீட்டில் துவைக்கிற கல். சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும். மாங்கறை பட்ட வேட்டி எந்தச் சோப்புக்கும் மசியாது.

மூன்றாவதுதான் பெரிய சட்டம். சாறு மணிக்கட்டைத் தாண்டினால் ஒரு முறைப்பு. முழங்கையைத் தொட்டால் பழம் பறிமுதல்.

பழத்துக்குப் பழம் முறையும் மாறும். கொட்டை சிறுத்துச் சதை பெருத்த மல்கோவாவைத் துண்டு போட்டுத் தட்டில் வைக்கலாம்; அது விருந்தாளிப் பழம். கொட்டைகள் அடுக்களையிலேயே நின்றுவிடும், நறுக்கிய பெரியம்மாவோடு. நார்ப்பழத்தில் கத்தி வைப்பது மட்டும் பாவம். உள்ளங்கையில் வைத்து உருட்டி இளக்கணும். காம்புப் பக்கம் கிள்ளி, முதலில் வருகிற பாலைப் பிதுக்கி எறியணும். பிறகு வாயை எடுக்காமல் சப்பணும். ஒழுங்காகச் சப்பினால் ஒரு சொட்டு சிந்தாது. “ஸ்பூனால தோண்டித் தின்னா நாகரிகமாம்! மேஜை பூரா பழம், மூக்குல பழம். இதுல எவன்டா நாகரிகக்காரன்?”

விக்டோரியா காலத்து இங்கிலாந்துச் சீமாட்டிகளுக்கு ஆரஞ்சுப் பழத்தால் இதே சங்கடம் இருந்தது. 1853இல் புத்தகமாக வந்த எலிசபெத் காஸ்கெலின் ‘கிரான்ஃபோர்ட்’ நாவலில் அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு ஆரஞ்சை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் தத்தம் அறைக்குப் போய்விடுவார்கள். பெரியப்பாவிடம் சொன்னால் இந்த ஏற்பாட்டை ஒத்துக்கொள்ளவே மாட்டார். ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டால், யார் எப்படித் தின்கிறார்கள் என்று யார் பார்ப்பது?

பார்ப்பதுதான் அவருக்கு முக்கியம். தன் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுத்தவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்வை படுகிற கையில் சாறு தானாக வழியும்.

அப்படிப்பட்ட சபையில்தான் தம்பி மகளின் புது மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றவில்லை. நீட்டிய நார்ப்பழத்தை வாங்கி, உருட்டாமல் கிள்ளாமல், நடுவில் ஒரே கடி. சாறு மோவாயில் இறங்கியது, கைக்கடிகாரத்துக்கு அடியில் புகுந்தது, அக்கரையில் வெளிப்பட்டு முழங்கையை அடைந்து, பட்டு வேட்டியில் சொட்டியது. எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தோம். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் மாப்பிள்ளையை யாராவது முறைக்க முடியுமா?

“இன்னொண்ணு எடுத்துக்குங்க மாப்பிள்ளை” என்றார் குழைந்து. அதே மூச்சில் பக்கத்துப் பேரன் பக்கம் திரும்பி, “ஏன்டா, அறிவிருக்கா? மாடு மாதிரியா திங்கிறது?” என்று ஒரு குட்டு வைத்தார்.

பேரனுக்கு இன்னும் பழமே கொடுக்கவில்லை.