லட்சியங்களுக்கும் ஆடித் தள்ளுபடி

கேஸ் புத்தகத்தைத் தேடப்போய் ஜனவரி 1-ம் தேதி நான் எழுதிய லட்சியப் பட்டியல் அகப்பட்டது. நகைக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி. முதல் பக்கத்தில் என் கையெழுத்து முத்து முத்தாக. நான்காம் தேதியிலிருந்து பால் கணக்கு, என் மனைவியின் கையெழுத்தில்.

லட்சியம் மூன்று. தினம் ஒரு குறள், வருடத்துக்குள் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம், தினம் பத்தாயிரம் அடி நடை.

1330 குறளைத் தினம் ஒன்றாகப் படித்தால் மூன்றரை வருடத்துக்கு மேலாகும் என்ற கணக்கு ஜனவரியில் எனக்கு உதிக்கவில்லை. இப்போது வான் சிறப்பில் நிற்கிறேன். விடுங்கள்.

பொன்னியின் செல்வன் விஷயம் அப்படியல்ல. கதை தொடங்குவதே ஓர் ஆடிப்பெருக்கு நாளில்தான். களைத்த குதிரையில் வந்தியத்தேவன் வீராணத்து ஏரிக்கரையில் வருகிறான். ஜனவரியில் நான் புத்தகத்தைத் திறந்தபோதும் அங்கேதான் வந்துகொண்டிருந்தான். ஏப்ரலில், படித்தது மறந்துவிட்டதால் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன், அப்போதும் அங்கேதான். இப்போது நிஜமாகவே ஆடி பதினெட்டு வந்துவிட்டது. நானும் அவனும் ஒரே தேதிக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். இதைப் போய்த் தாமதம் என்பதா? தவிர, கல்கியே அதை 1950-ல் ஆரம்பித்து 1954-ல்தான் முடித்தார். எழுதியவருக்கு மூன்றரை வருடம், எனக்கு மட்டும் ஒன்றா?

“அவர் வாராவாரம் எழுதினாருங்க” என்றாள் மனைவி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆடித் தள்ளுபடியில் புடவை எடுத்தவர்களுக்குத் தெரியும்: அடித்துவிட்ட பழைய விலை இருக்கிறதே, அந்த விலைக்கு அதை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். குறைத்துக் காட்டுவதற்கென்றே ஏற்றி ஒட்டிய சீட்டு அது. என் ஜனவரிப் பட்டியலும் அந்த ஜாதிதான் என்று புரிந்ததும் மனம் லேசாகிவிட்டது. பேனாவை எடுத்தேன். குறள், வாரம் ஒன்று. பொன்னியின் செல்வன், முதல் பாகம் போதும். பத்தாயிரத்தை அடித்து நாலாயிரம் என்று எழுதினேன். அதிலும் குற்றவுணர்ச்சிக்கு இடமில்லை. அந்தப் பத்தாயிரமே 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிரபலமானது. வைத்தியர் எழுதிய சீட்டு அல்ல, வியாபாரி வைத்த பெயர்.

நாலாயிரமும் எட்டாத உயரமாகத்தான் இருந்தது. பூங்காவில் எட்டு போட்டு நடக்கும் பாதையில் இரண்டு சுற்று வந்தால், மூன்றாவது சுற்றில் பெஞ்சில் யாராவது தெரிந்தவர் உட்கார்ந்திருப்பார்.

போன ஞாயிறு தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். தன் போனில் சார்ஜ் இல்லையென்று என் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மனைவி காலையிலேயே போய்விட்டாள். கேழ்வரகு மாவு எடுக்க ஒரு நடை, தூக்குவாளிக்கு ஒரு நடை, முருங்கைக்கீரைக்கு ஒரு நடை, நான்காவது மாடிப் பாட்டிக்குக் கூழ் கொடுக்க ஒரு நடை. லிஃப்ட் வேலை செய்யவில்லை.

மாலையில் போன் கைக்கு வந்தபோது திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. 11,260 அடி. இந்த ஆண்டின் இலக்கை முதல்முறையாகத் தொட்டுவிட்டேனாம். அதற்குக் கீழே, என் பெயர் போட்டு வாழ்த்து.

காட்டினேன். “கூழ் மிச்சம் இருக்கு, குடிக்கிறீங்களா?” என்றாள். நடந்து களைத்தவன் என்பதால் இரண்டு டம்ளர் குடித்தேன்.